சீச்சீ பிடித்த எலி

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் சீச்சீ. "சீச்சீ அக்கா, நெட் வரலை" என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. காலையில் உள்ளே நுழைந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் வருகிற முதல் சொல்லே அதுதான். யாரோ எச்சில் கையால் தொட்டிருப்பார்கள். "சீ!" நாள் அங்கே தொடங்கும்.

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை சுத்தமான வேலை என்று நம்பித்தான் அவள் அதைப் படித்தாள். பாடப் புத்தகத்தில் நெட்வொர்க் என்றால் நாலைந்து சதுரம், நடுவே ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து சதுரங்களுக்கு நேர்நேராகக் கோடு. ஒரு தூசி கிடையாது, ஒரு பிசுபிசுப்பு கிடையாது. அந்தப் படத்தை வரைந்த மகராசன் வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு மேசைக்கு அடியில் தலையை விட்டிருப்பானா? விட்டிருந்தால் அந்தக் கோடு போகிற வழியில் மென்று ஒட்டிய சூயிங்கத்தையும், வெட்டிப் போட்ட கால் நகத்தையும், மூக்கைச் சிந்தி உருட்டிய காகிதத்தையும் வரைந்திருப்பான். அதுவும் இது பல் ஆஸ்பத்திரி. மேசைக்கு அடியில் என்னென்ன உருண்டு கிடக்கும் என்று சொன்னால் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். ஒரு முறை வயர் என்று நினைத்து அவள் இழுத்தது ரத்தம் காய்ந்த பஞ்சுத் திரி. அன்று முழுக்க அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வயரில்லாத பக்கமாவது சுத்தமா? அதுவும் இல்லை. வைஃபை பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். கரப்பான்பூச்சிக்கு அதைவிடச் சொகுசான பிரசவ ஆஸ்பத்திரி உலகத்தில் இல்லை. இரண்டாம் மாடிப் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று அவள் திறந்தபோது, உள்ளேயிருந்து ஒரு பெரிய குடும்பமே கிளம்பி அவள் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் ஊசி போட்டிருந்த ஒருவர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கிவிட்டார்.

ஆனாலும் வேலை தெரிந்தவள். மூன்று மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் துடைப்பக் கட்டைகளும் பழைய நாற்காலிகளும் கிடக்கிற அறையின் மூலையில் பெரிய ஸ்விட்ச் இருந்தது. ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. வரிசையாகத் துளைகள் உள்ள தட்டைப் பெட்டி. கட்டடத்தின் ஒவ்வொரு சுவரிலிருந்தும் ஒரு வயர் ஓடிவந்து அதில் ஒரு துளையில் சொருகிக்கொள்ளும். கீழே எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் படம் வயர் வழியாக மேலே ஏறி, ஸ்விட்ச்சுக்குள் புகுந்து, எந்த டாக்டர் கேட்டாரோ அவர் அறை வயரில் இறங்கிப் போய்த் திரையில் நிற்கும். கண்ணிமைக்கிற நேரம்தான்.

வருகிறவர்கள் போனை நோண்டுவதற்கும் ரிசப்ஷன் பெண்ணின் டேப்லெட்டுக்கும் வைஃபை போதும். எக்ஸ்ரேவுக்கு வைஃபை உதவாது. எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் ஈயத் தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். கதிர் வெளியே வரக் கூடாதே! அந்தத் தகடு வைஃபையையும் சேர்த்துத் தின்றுவிடும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வேர் சிகிச்சை அறையில் போனில் ஒரு கோடுகூட ஏறாது. அதனால் மாலையில் மட்டும் வந்துபோகிற வேர் டாக்டர் தன் லேப்டாப்பை வயரில்தான் மாட்டுவார். அவருக்காகவே அந்த மேசைக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து ஒரு வயரை மேசைமேல் விட்டிருந்தாள் சீச்சீ. அந்த மனிதர் மாலையில் அதை லேப்டாப்பில் மாட்டுவார். போகும்போது பிடுங்கி அப்படியே தொங்கவிட்டுப் போவார். வேருக்குள் வேர் தேடுகிற ஆளுக்கு ஒரு வயரைச் சுருட்டி வைக்கத் தெரியாது.

வேலையிடம்தான் இப்படி என்றால் வீட்டில் தங்கை இருந்தாள்.

தங்கை ஈரத் துண்டை மெத்தைமேல் போடுகிற ரகம். குளித்துவிட்டு வந்தால் சாக்கடைச் சல்லடையில் முடிக் கொத்து மிதக்கும். பாதி கடித்த பிஸ்கட்டை டப்பாவுக்குள்ளேயே திரும்ப வைப்பாள். "ஒரு வயித்துலதான் பொறந்தோமா நாம?" என்று சீச்சீ தலையில் அடித்துக்கொள்வாள். தங்கை துண்டை எடுத்து நாற்காலிமேல் போடுவாள். நாற்காலி நனையும்.

தங்கையின் புருஷன் கைநீட்டுகிறவன். ஒருநாள் உதடு வீங்கி, மூக்கடியில் ரத்தம் காய்ந்து, ஒரே பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்த சீச்சீ முதலில் "உள்ள வாடி" என்றாள். அடுத்ததாக "எதையும் தொடாத, முதல்ல போய்க் குளி" என்றாள். தங்கைக்கு இரண்டாவது மட்டும்தான் இன்று வரை நினைவிருக்கிறது.

மேனேஜரிடம் பேசித் தங்கையை அதே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டதும் சீச்சீதான். வேலையில் சேர்ந்த அன்று தங்கை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இந்த வேலை போச்சுன்னா நான் உன் வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன். அவன்கிட்டயே திரும்பிப் போயிடுவேன்."

"பைத்தியமாடி உனக்கு? அந்த நாய்கிட்டயா?"

"அவன் அடிப்பான், அவ்வளவுதான். நீ பாக்குற பார்வை இருக்கே, அதை வேலையும் இல்லாம என்னால தாங்க முடியாது."

சீச்சீ எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள். தங்கை வாயால் சொன்னால் செய்கிறவள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள், போகவில்லை. எல்லாரும் வேண்டாம் என்ற அவனைத்தான் கட்டுவேன் என்றாள், கட்டினாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கை வேறு பிறவி. அக்காவின் வாய்க்குப் பயந்து அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். முதல் நாளே சீச்சீ அவளை அறை அறையாக அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: "எங்கயும் ஒரு வயர் தொங்கக் கூடாது. தொங்குற வயரைப் பாத்தா எனக்கு எலி வாலைப் பாக்குற மாதிரி இருக்கும். சுருட்டி வையி, சொருகி வையி, என்னமோ பண்ணு. என் கண்ணுல படக் கூடாது." தங்கை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

அந்த மாதம்தான் கட்டடத்துக்குப் பீடை பிடித்தது.

மதிய இடைவேளை முடிகிற நேரம் பார்த்து நெட்வொர்க் படுத்துவிடும். எக்ஸ்ரே எடுத்த இடத்திலேயே நிற்கும். டாக்டர்கள் கையில் ஊசியோடு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்கள் மூடவா வேண்டாமா என்று தெரியாமல் எச்சில் வழியக் கிடப்பார்கள். ரிசப்ஷனில் கூச்சல். சீச்சீ மூன்றாம் மாடிக்கு ஓடினால், ஸ்விட்ச்சின் அத்தனை பச்சை விளக்கும் சாமியாடுவதுபோல ஒருசேர வெட்டிக்கொண்டிருக்கும்.

பார்த்த உடனே அவளுக்கு நோய் புரிந்துவிட்டது. எங்கோ சுற்று விழுந்திருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒரு வழிதான் இருக்க வேண்டும். யாரோ இரண்டாவது வழி போட்டிருக்கிறார்கள். நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் "எல்லாரும் கேளுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், ஸ்விட்ச் அதை எல்லாத் துளைக்கும் திருப்பிச் சொல்லும். இரண்டு வழி இருந்தால் போன குரல் மறுவழியில் திரும்பி வரும். வந்ததைப் புதுச் சேதி என்று நினைத்து ஸ்விட்ச் மறுபடி எல்லாருக்கும் சொல்லும். அது மறுபடி வரும். வம்பு பேசுகிற இரண்டு வீடு அடுத்தடுத்து இருந்தால் ஒரு பேச்சு எப்படி ஊர் முழுக்க நாறுமோ, அதே கதைதான். கொஞ்ச நேரத்தில் வயர் பூராவும் அந்த ஒரே குரல்தான் ஓடும். எக்ஸ்ரே படம் நுழைய ஊசிமுனை இடம் இருக்காது.

சுற்று விழுந்தால் தானே கண்டுபிடித்து ஒரு துளையை அடைத்துக்கொள்கிற ஸ்விட்ச் கடையில் கிடைக்கிறது. அவள் கேட்டாள். "இருக்கிறதே நல்லாத்தானே ஓடுது" என்றார் மேனேஜர். நன்றாகத்தான் ஓடியது, வட்டம் வட்டமாக.

நோய் தெரிந்தால் மட்டும் போதுமா? எந்த அறையில் என்று தெரிய வேண்டாமா? அவளுக்கு முன்னால் இருந்த ஆள் எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று ஒரு சீட்டுக்கூட ஒட்டாமல், எல்லாவற்றையும் குளியலறைச் சல்லடை முடிபோல ஒரே சிக்காக விட்டுப்போயிருந்தான். அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதற்குள் கீழேயிருந்து நாலு பேர் கூப்பிடுவார்கள். கீழே போய்த் திரும்பி வருவதற்குள் மாலையாகிவிடும், விளக்குகளும் தானாகவே அடங்கிவிடும். எல்லாரும் ஒன்றுமே நடக்காததுபோல வேலை பார்ப்பார்கள். மறுநாள் மதியம் பீடை மறுபடி வரும்.

அறை அறையாகப் போய் மேசைகளுக்கு அடியில் பார்த்திருக்கலாம். அதுதான் சரியான வழி என்று அவளுக்கே தெரியும். ஆனால் மேசைக்கு அடியில் இழுத்த அந்தப் பஞ்சுத் திரி நினைவுக்கு வரும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள்.

இதற்கிடையில் செண்ட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வைஃபை பெட்டிகள் விற்கிற கம்பெனியின் ஆள். அவர் பூசியிருந்த செண்ட்டு அவருக்கு முன்னால் வந்து, அவர் போன பிறகும் உட்கார்ந்திருக்கும். "இந்தக் காலத்துல வயரா சார்? எல்லாம் காத்துலயே போயிடும். மாடிக்கு நாலு பெட்டி தொங்கவிட்டா வேலை முடிஞ்சுது. இதைப் பாத்துக்க ஒரு ஆள்கூட வேண்டாம்" என்றார் மேனேஜரிடம்.

"சார், அந்த ஈயச் சுவர்..." என்று சீச்சீ ஆரம்பித்தாள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று மேனேஜர் வாயை அடைத்தார். "ஏம்மா, இந்த வாரம்தான் உங்களுக்குக் கெடு. எதனாலன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணுங்க. இல்லைன்னா சார் பெட்டியை மாட்டட்டும், நீங்க கிளம்பலாம். உங்க தங்கச்சியும்தான். உங்க பேச்சை நம்பி எடுத்த ஆளு."

அதோடு விடாமல் எல்லாரையும் ரிசப்ஷனில் கூட்டி நிறுத்தினார். "எவன் கையோ எங்கயோ வயரைத் தப்பாச் சொருகியிருக்குன்னு இந்தம்மா சொல்றாங்க. அந்தக் கை யாருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்த ஆள் வீட்டுக்குப் போகலாம். டாக்டரா இருந்தாலும் சரி." டாக்டரை அனுப்ப மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். துடைப்பத்தோடு பின்னால் நின்ற தங்கை, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நடைபாதையில் நாற்றம் கிளம்பியது. மேலே பொய்க் கூரைப் பலகைகளுக்குப் பின்னால், வயர்கள் ஓடுகிற இடத்தில் எலி செத்திருந்தது. முதல் நாள் யாரோ ஷூவைக் கழற்றினார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அடுத்த நாள் சந்தேகம் தீர்ந்தது. குடலைப் பிடுங்குகிற நாற்றம். ரிசப்ஷன் பெண் வாசனைத் திரவம் அடித்துப் பார்த்தாள். செத்த எலி பூ வாசனையோடு நாறியது, அது இன்னும் கேவலம்.

"கூரைக்கு மேல வயர்தானே ஓடுது, அது உங்க ஏரியா. எடுத்துப் போடுங்க" என்றார் மேனேஜர்.

"வயருக்குத்தான் நான். எலிக்கு நான் இல்லை" என்று சீச்சீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

அன்று மாலை தங்கை கேட்டாள்: "நான் எடுத்துப் போட்டுடவாக்கா? எனக்கு அருவருப்பெல்லாம் ஒண்ணும் இல்லை."

"உனக்கு எதுலதான் அருவருப்பு இருந்தது? எடு. ஆனா எலியைத் தொட்ட கையோட என் வீட்டுக்குள்ள வராத."

தங்கை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். எலி மேலேயே கிடந்தது.

கெடு முடிகிற நாள் மதியம், பச்சை விளக்குகள் மறுபடி சாமியாடத் தொடங்கின. கீழே செண்ட்டுக்காரர் ஒப்பந்தக் காகிதத்தோடு மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார். சீச்சீ ஸ்விட்ச் பக்கம் நிற்கவில்லை. இனி வேறு வழியில்லை. கைக்கு உறை, அதன்மேல் இன்னொரு உறை, மூக்குக்கு முகமூடி. முதல் அறையில் மண்டியிட்டுத் தலையை மேசைக்கு அடியில் விட்டாள்.

சீ! என்ன மனிதர்கள் இவர்கள்! மேலே பார்த்தால் வெள்ளைக் கோட்டு, பளபளக்கிற ஷூ, நாளுக்கு இரண்டு முறை பல் துலக்கச் சொல்கிற வாய். அடியில் பார்த்தால் பலகை பூராவும் மூக்கில் நோண்டித் தடவியது. ஒருவர் மேசைக்கடியில் காலுறை, அது மட்டும் தனியாக நிற்கிற அளவுக்கு விறைத்துப்போய். இன்னொருவர் டீக் கோப்பையை வைத்து மறந்திருந்தார், உள்ளே பச்சையாக மயிர் முளைத்திருந்தது. ஓங்கரித்துக்கொண்டே வயரைப் பிடித்து அது சுவருக்குள் போகிற இடம் வரை தடவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த அறை. அதுவும் சரியாக இருந்தது. மாடி முழுக்க முடித்து இறங்கி, ஈயச் சுவர் தாண்டி, வேர் சிகிச்சை அறைக் கதவைத் தள்ளினாள்.

தரை ஈரமாக மின்னியது. அப்போதுதான் துடைத்து முடித்த தங்கை வாளியோடு நிமிர்ந்தாள். "பாத்து வாக்கா, வழுக்கும்."

சீச்சீ மேசைக்கு அடியில் குனிந்தாள். குட்டி ஸ்விட்ச்சிலிருந்து ஒரு வயர் சுவரில் ஒரு துளைக்குப் போனது. அது அவளே மாட்டியது. வேர் டாக்டரின் வயர், அந்தத் தொங்கு வயர், தொங்கவில்லை. அதன் நுனி சுவரில் பக்கத்துத் துளையில் அழகாகச் சொருகியிருந்தது. இரண்டு துளையும் நேராக மூன்றாம் மாடிப் பெரிய ஸ்விட்ச்சுக்குப் போகிறவை. ஒரு வழி, இன்னொரு வழி. சுற்று.

"இதை யாரு சொருகினது?" நுனியைத் தொட்டுக் காட்டினாள்.

"நான்தான்" என்றாள் தங்கை, முகமெல்லாம் சிரிப்பாக. "அந்த டாக்டர் டெய்லி தொங்கவிட்டுட்டுப் போறார்க்கா. துடைக்க வர்றப்ப நான் எடுத்துச் சொருகிடுவேன். சாயந்தரம் வந்து அவரே பிடுங்கிக்குவார். உனக்குத் தொங்குற வயரைக் கண்டா ஆகாதே. ஒண்ணுகூட உன் கண்ணுல படலைல்ல?"

தங்கை அவளிடம் இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சீச்சீ மண்டியிட்டபடியே இருந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இத்தனை நாளும் ஊரெல்லாம் திட்டித் தீர்த்த அந்தக் கை யாருடையது? தங்கையின் கை சரி. அதை ஏவிய வாய்? அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. மேசைக்கடியில் பார்த்த எதைவிடவும் அது மோசமாக நாறியது.

வயரைப் பிடுங்கினாள். வாசலில் ரிசப்ஷன் பெண்ணின் குரல் கேட்டது: "வந்துருச்சு! நெட் வந்துருச்சு!"

அவள் எழுவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பின்னாலேயே செண்ட்டு, அதன் பின்னால் செண்ட்டுக்காரர்.

"இங்கதானா? என்னது, யாரு பண்ணினது?" மேனேஜரின் கண் அறையைச் சுற்றி, வாளியோடு நிற்கிற தங்கையிடம் வந்து நின்றது. தங்கையின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அக்காவின் கையிலிருந்த வயரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"எலி, சார்" என்றாள் சீச்சீ.

"என்னது?"

"எலிதான் சார். இந்த ரூம் வயர் நடைபாதைக் கூரைக்கு மேலதான் போகுது. எலி வயரைக் கடிச்சு வச்சிருக்கு. தோல் உரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு படுறப்ப எல்லாம் படுத்துடுது. இப்ப இழுத்து அசைச்சதுல விட்டுருச்சு."

செண்ட்டுக்காரருக்கு வாய் கோணியது. "எலியா? நம்புற மாதிரி இல்லையே சார்."

"காட்டுங்க" என்றார் மேனேஜர். "எலியைக் காட்டுங்க, வயரையும் காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்றேன்."

நடைபாதையில் ஏணி போட்டார்கள். "நான் ஏறுறேன்க்கா" என்று தங்கை முன்னால் வந்தாள். சீச்சீ அவளை விலக்கிவிட்டு ஏறினாள். பலகையைத் தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மேசைகளுக்கு அடியில் தவழ்ந்ததில் கை உறை இரண்டும் கிழிந்து தொங்கின. கழற்றிப் போட்டாள். இருட்டுக்குள் வெறும் கையை விட்டாள்.

முதலில் வயர்தான் கிடைத்தது. தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் வயரின் தோல் நிஜமாகவே கொறித்திருந்தது. எலி பொய் சாட்சி சொல்லவில்லை, நல்ல எலி. அதற்குப் பக்கத்தில் ஏதோ மெத்தென்று ஈரமாக விரலில் பட்டது. அவள் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கையை உதறிவிட்டுக் கீழே குதித்து ஓட வேண்டும்போல இருந்தது. கீழே பார்த்தாள். தங்கை ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். அவள் உதட்டில் அந்தப் பழைய அடியின் தழும்பு மேலிருந்தே தெரிந்தது.

சீச்சீ கண்ணை மூடிக்கொண்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது. முழுதாக வரவில்லை. தோலில் கொஞ்சம் பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வந்த பகுதியிலிருந்து ஏதோ சொட்டி அவள் மணிக்கட்டில் வழிந்தது. வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. அவள் அதைத் தூக்கி மேனேஜரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதான் சார்."

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ரிசப்ஷன் பெண் அலறினாள். செண்ட்டுக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்து அழுத்தியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேனேஜர் மூச்சுப் பிடித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார். "உங்க பெட்டி... அதுக்கும் மேல வயர் போகணுமா?"

"பெட்டி வரைக்கும் ஒரு வயர் போகும் சார். பெட்டியிலிருந்துதான் காத்துல..."

"அப்ப எலி அதையும் கடிக்கும்ல?"

செண்ட்டுக்காரர் பதில் சொல்வதற்காகக் கைக்குட்டையை எடுத்தார், நாற்றம் ஏறியதும் பேசாமல் மறுபடி வைத்துக்கொண்டார்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு" என்றார் மேனேஜர். "நீங்க காகிதத்தை எடுத்துட்டுக் கிளம்புங்க சார். ஏம்மா, அந்தக் கடிச்ச வயரை மாத்துங்க. முதல்ல அதை வெளிய போடுங்க, ஐயோ!"

"தானே அடைச்சுக்கிற ஸ்விட்ச் ஒண்ணு கேட்டிருந்தேன், சார்" என்றாள் சீச்சீ, எலியைப் பிடித்தபடியே.

"வாங்கித் தரேன்! வாங்கித் தரேன்! முதல்ல அதை எடுத்துட்டுப் போங்க!"

மாலையில் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். சீச்சீக்குக் கையைக் கழுவிக் கழுவித் தோல் சிவந்திருந்தது. ஆனாலும் அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கை வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நான்தானே காரணம்? வயரைச் சொருகினது."

"ஆமா."

"அப்ப ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா நீ எங்க போவேன்னு சொல்லியிருந்த?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்குப் பிடிக்கும்னுதான் செஞ்சேன்."

"தெரியும். இனிமே தொங்குற வயரைத் தொடாத. தொங்கட்டும்."

"நீ பாத்தா..."

"தொங்கட்டும்னு சொல்றேன்ல? எத்தனை வயர் வேணா தொங்கட்டும். உள்ள வா."

தங்கை சோறு போட்டு எடுத்துவந்தாள். சீச்சீ தட்டைப் பார்த்தாள், தன் வலது கையைப் பார்த்தாள், தட்டைத் தள்ளிவைத்தாள். "என்னால முடியாதுடி. இந்தக் கையை வாய்கிட்ட கொண்டுபோனா அது கண்ணு முன்னால நிக்குது."

"சீ" என்றாள் தங்கை. "எலியைத் தொட்ட கையோட வீட்டுக்குள்ள வந்திருக்க. இதுல பேச்சு வேற."

சீச்சீக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டதால் எதுவும் சரியாக வரவில்லை. தங்கை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி, அக்காவின் வாய்க்கு நேராக நீட்டினாள். கவளத்தில் ஒரு நீள முடி சுருண்டு கிடந்தது, தங்கையின் முடிதான். இருவரும் அதை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தங்கையின் கை பாதியில் நின்றுவிட்டது.

சீச்சீ முடியை எடுத்து ஓரமாகப் போட்டாள். வாயைத் திறந்தாள்.